எலியின் இடத்தை எந்தப் பக்கற் நிரப்பும்? பூனைக்கு உலர் உணவு தெரிவுசெய்யும் முறை

வன்னியில் பூனை வளர்ப்பு நெடுங்காலமாகத் திட்டமிட்டுச் செய்யப்பட்ட காரியமன்று. அறுவடை முடிந்து நெல் மூடைகள் வீட்டுக்குள் வந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வேண்டும் என்ற அளவில்தான் அது இருந்தது. நாங்கள் மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில், அயலில் முதன்முதலாகக் கேட்டு வாங்கியது ஒரு பூனைக்குட்டியைத்தான். அதற்கு மீன் தலையும், குழம்பு பிசைந்த சோறும் கொடுத்தோம். மீதியை எலி, ஓணான், வெட்டுக்கிளி என்று அது தானே தேடிக்கொண்டது. சோற்றில் அது நன்றாக வளர்ந்தது என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் அதை வளர்த்தவை எலிகள்.

இப்போது கல்வீடும் சீமெந்துத் தரையும் வந்துவிட்டன. நெல்லும் பல வீடுகளில் வயலிலிருந்தே விற்கப்பட்டு விடுகிறது. கருத்தடை செய்யப்பட்டு, பகல் முழுவதும் விறாந்தையில் படுத்திருக்கும் பூனைகள் கூடிவிட்டன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடைகளில் வண்ண வண்ணமாகப் பூனை உணவுப் பக்கற்றுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. புதிதாகப் பூனை வளர்க்கத் தொடங்குவோர் கேட்கும் முதற் கேள்வி “எந்த மார்க் நல்லது?” என்பதாகவே இருக்கிறது. மார்க்கின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அடுத்த மாதம் அந்த மார்க் கடையில் இல்லையென்றால் கேட்டவர் மீண்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்பார். ஆகையால், பக்கற்றில் அடைத்திருக்கும் உணவு ஈடுசெய்ய வேண்டியது சோற்றை அன்று, எலியை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு கீழுள்ள படிகளை ஒவ்வொன்றாகப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பூனைக்கு இறைச்சி ஏன் கட்டாயம்

பூனை ஊனுண்ணி. கிடைத்ததைத் தின்று சமாளிக்கும் நாயின் உடல் அதற்கு வாய்க்கவில்லை. டோரின் எனப்படும் அமினோ அமிலத்தைப் போதிய அளவில் தன் உடலுக்குள் ஆக்கிக்கொள்ளப் பூனையால் இயலாது. கரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளவும் இயலாது. இரண்டும் விலங்குத் திசுவிலிருந்தே அதற்கு வந்துசேர வேண்டும். 1987 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள், டோரின் குறைந்த உணவால் பூனைகளின் இதயத் தசை நலிவடைவதையும், டோரின் கொடுத்தபோது அந்த இதயங்கள் தேறுவதையும் எடுத்துக்காட்டினர். அப்பூனைகள் வீட்டு மிச்சத்தைத் தின்றவை அல்ல, பூனை உணவென்று விற்கப்பட்டதையே தின்றவை என்பது கவனிக்கத்தக்கது. அதன் பின்னரே உற்பத்தியாளர்கள் டோரினின் அளவைக் கூட்டினர். டோரின் குறைபாடு கண்ணின் விழித்திரையையும் பாதிக்கும்.

மீன் குழம்புச் சோற்றில் டோரின் அறவே இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அது நீரில் கரைவதால் அவிக்கும்போது பெரும்பகுதி குழம்போடு போய்விடுகிறது. அந்தக் குழம்பிலேயோ பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடிய வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன. நாய்க்கென விற்கப்படும் உலர் உணவும் இதே காரணத்தால் பூனைக்குப் பொருந்தாது. நாயின் உடல் டோரினைத் தானே ஆக்கிக்கொள்வதால் நாயுணவில் அதைச் சேர்த்தாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. வீட்டில் நாயும் பூனையும் இருந்து, ஒரே மூடையை வாங்கி இரண்டுக்கும் போடுவோர் இந்த ஒரு வழக்கத்தை இன்றே நிறுத்திவிடலாம்.

முதற் படி: கடைக்குப் போகுமுன் பூனையை அறிந்துகொள்ளுதல்

பூனையின் வயது, நிறை, கருத்தடை செய்யப்பட்டதா இல்லையா என்ற மூன்றும் தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது. நிறை பார்ப்பதற்குத் தனித் தராசு தேவையில்லை. நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் வெறுங்கையோடு ஒருமுறையும் தராசில் ஏறிக் கழித்துப் பார்த்தால் போதும். குட்டியாயின் இந்த முறையில் பிழை அதிகம் வரும் என்பதால் சமையலறைத் தராசில் ஒரு பெட்டியை வைத்து அதற்குள் இருத்தி நிறுப்பது நல்லது.

ஒரு வயது நிறையும் வரை குட்டிக்குக் குட்டிகளுக்கான உணவே வேண்டும். கருவுற்ற பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும்கூட அதே குட்டி உணவுதான் பொருத்தம். அந்தக் காலத்தில் அளவு பார்க்காமல் விரும்பிய அளவு தின்ன விடலாம். கருத்தடை செய்யப்பட்ட பூனைக்குச் சக்தித் தேவை குறைந்துவிடுகிறது, பசி மட்டும் குறைவதில்லை. கருத்தடைக்குப் பின்னர் ஒரு வருடத்துக்குள் உருண்டு திரண்டுவிடும் பூனைகளின் கதை இதுதான்.

இரண்டாம் படி: பக்கற்றின் முன்பக்கத்தை மறந்துவிடுதல்

முன்பக்கத்தில் இருக்கும் படம், நிறம், நட்சத்திர வடிவ உலர் உணவு மணிகள் எல்லாம் பணம் கொடுப்பவருக்காக இருப்பவை. பூனையால் இனிப்பைச் சுவைக்கவே இயலாது. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்திருப்பது 2005 இல் கண்டறியப்பட்டது. சிவப்பு மணியும் பச்சை மணியும் அதற்கு வேறு வேறாகத் தெரிவதும் அரிது. டூனா என்று பெரிதாக எழுதியிருப்பதிலும் மயங்க வேண்டாம். அமெரிக்காவின் பெயரிடல் விதிகளின்படி, ‘டூனாவுடன்’ என்று எழுதுவதற்கு அந்த மீன் 3 வீதம் இருந்தால் போதும். ‘டூனா ஃபிளேவர்’ என்று எழுதுவதற்கு அந்தளவுகூடத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கரையில் சூரை மீனை நேரில் பார்த்து வாங்கும் நமக்கு இது சிரிப்பை வரவழைக்கலாம்.

மூன்றாம் படி: பின்பக்கத்தை வாசித்தல்

இங்கேதான் பொறுமையாக நிற்க வேண்டும். எழுத்துப் பொடியாக இருந்தால் தொலைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். முதலில் தேட வேண்டிய சொல் ‘கம்ப்ளீற்’ என்பது. இது முழு உணவு, வேறெதுவும் சேர்க்காமல் இதை மட்டும் கொடுத்தாலும் பூனை நலமாக இருக்கும் என்று உற்பத்தியாளர் சொல்லும் உறுதி அது. ‘கொம்ப்ளிமென்ரறி’, ‘ஸ்நாக்’, ‘ட்றீற்’ ஆகிய சொற்கள் இருந்தால் அது துணை உணவு. விலை குறைந்திருந்தாலும் அதை நாளாந்த உணவாக வாங்கக் கூடாது. முழு உணவு என்ற சொல்லுக்கு அருகில், எந்த வயதுக்கு உரியது என்பதும் எந்த அளவுகோலின்படி என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆஃப்கோ என்ற தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கமும், ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்ற கூட்டமைப்பும் இந்த அளவுகோல்களை வெளியிடுகின்றன. ஆஃப்கோ தானே எந்த உணவையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை என்பதால், ‘ஆஃப்கோ அங்கீகரித்தது’ என்று யாராவது சொன்னால் அது விளம்பரப் பேச்சு. ‘அதன் அளவுகளுக்கு ஏற்ப ஆக்கப்பட்டது’ என்ற வாசகமே சரியானது.

அடுத்து, வீதங்கள் எழுதப்பட்ட சிறு அட்டவணை. அதில் புரதம், கொழுப்பு, நார், ஈரம் ஆகியவை இருக்கும். சாம்பல், அதாவது தாதுப்பொருட்கள், என்ற வரியும் சில பக்கற்றுகளில் இருக்கும். ஆஃப்கோவின் அளவின்படி, ஈரத்தை நீக்கிப் பார்த்தால் வளர்ந்த பூனையின் உணவில் குறைந்தது 26 வீதமும், குட்டியின் உணவில் குறைந்தது 30 வீதமும் புரதம் இருக்க வேண்டும். கொழுப்பு இரண்டுக்கும் குறைந்தது 9 வீதம். டோரின் உலர் உணவில் 0.1 வீதம். ‘ஈரத்தை நீக்கி’ என்ற இரண்டு சொற்களைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பக்கற்றில் புரதம் 26 வீதம், ஈரம் 12 வீதம் என்று இருந்தால், மீதியுள்ள 88 பங்கில் புரதம் 26 பங்கு. 26 ஐ 88 ஆல் பிரித்து 100 ஆல் பெருக்கினால் 29.5 வரும். அது வளர்ந்த பூனைக்குப் போதும், குட்டிக்குச் சற்றுக் குறைவு. இவை ஆகக் குறைந்த எல்லைகள் என்பதையும் மறக்கக் கூடாது. எலி, குருவி என்று பிடித்துத் தின்று வாழும் பூனை தன் சக்தியில் ஏறத்தாழப் பாதியைப் புரதத்திலிருந்தே பெறுகிறது. ஆகவே கையிலுள்ள பணத்துக்குள், ஈரம் நீக்கிய கணக்கில் புரதம் 33 வீதத்துக்கு மேல் உள்ளதைத் தேடுவது என் வழக்கம்.

மாச்சத்து எவ்வளவென்று பெரும்பாலான பக்கற்றுகள் தாமாகச் சொல்வதில்லை. புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம் ஆகியவற்றைக் கூட்டி 100 இலிருந்து கழித்தால் கிடைப்பது அதுவே. சாம்பல் எழுதப்படாவிட்டால் 8 என்று வைத்துக்கொள்ளலாம். புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, சாம்பல் 8, ஈரம் 10 என்றால் மாச்சத்து 36. எலியில் மாச்சத்து அநேகமாக இல்லை. மணியாக வார்த்தெடுப்பதற்கு மாப்பொருள் தேவைப்படுவதால் உலர் உணவில் அதை முற்றாகத் தவிர்க்க முடியாது. நன்கு வெந்த மாப்பொருளைப் பூனையால் சமிபாடடையச் செய்யவும் முடியும்; எனவே சோளத்தையோ அரிசியையோ கண்டவுடன் பக்கற்றைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. ‘தானியமற்றது’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டியதில்லை, ஏனெனில் தானியத்தின் இடத்தில் பெரும்பாலும் உருளைக்கிழங்கோ பயறு வகைகளோ இருக்கும்.

மூலப்பொருட்களின் பட்டியல் நிறையின் வரிசையில் எழுதப்படுவது. பச்சைக் கோழியிறைச்சி முதலிடத்தில் இருந்தால் அதில் பெரும்பகுதி நீர் என்பதையும், ‘கோழித் தூள்’ என்பது நீர் நீக்கப்பட்டது என்பதால் இரண்டாமிடத்தில் இருந்தாலும் கூடுதலான புரதத்தைத் தரக்கூடியது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். முதல் மூன்று பொருட்களுள் பெயர் சொல்லப்பட்ட விலங்குப் பொருளொன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் இந்தப் பட்டியலில் மூழ்கிக் கிடப்பதில் பெரிய பயனில்லை என்பது என் கருத்து.

நான்காம் படி: கிலோ விலையை விட்டு நாள் விலையைக் கணக்கிடுதல்

3 கிலோ நிறையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 190 கிலோகலோரி போதும். 4 கிலோவாயின் ஏறத்தாழ 240. பக்கற்றில் 100 கிராமுக்கு எத்தனை கிலோகலோரி என்று எழுதியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால், புரதத்தின் வீதத்தை 3.5 ஆலும், மாச்சத்தின் வீதத்தை 3.5 ஆலும், கொழுப்பின் வீதத்தை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டினால் அண்ணளவான எண் கிடைக்கும். மேலே சொன்ன 32, 36, 10 என்ற பக்கற்றுக்கு அது 323 ஆகும்.

கணக்கு விளங்குவதற்காக இரண்டு பக்கற்றுகளை வைத்துக்கொள்வோம். ஒன்றில் 100 கிராமுக்கு 380 கிலோகலோரி, கிலோ 2400 ரூபாய். மற்றையதில் 320 கிலோகலோரி, கிலோ 2100 ரூபாய். முதலாவதில் அந்த 3 கிலோப் பூனைக்கு நாளுக்கு 50 கிராம் போதும், செலவு 120 ரூபாய். இரண்டாவதில் ஏறத்தாழ 59 கிராம் வேண்டும், செலவு 124 ரூபாய். மலிவென்று எடுத்தது மலிவாக இல்லை. கடைக்காரருக்கு முன்னால் நின்று இந்தக் கணக்கைப் போடக் கூச்சமாயிருந்தால், பக்கற்றைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து போடலாம்.

50 கிராம் என்பது பார்வைக்கு மிகச் சிறியது. ஒரு சிறு பேணியில் 25 கிராமை ஒருமுறை நிறுத்துப் போட்டு, அது நிற்கும் மட்டத்தில் பேனாவால் கோடு கீறி வைத்துக்கொண்டால், வீட்டில் யார் உணவு வைத்தாலும் அளவு மாறாது. எங்கள் வீட்டில் அம்மம்மா அந்தக் கோட்டை ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் எடுத்தது. ஒரு பிடி சோற்றைப் போல அள்ளிப் போடாவிட்டால் அவருக்குப் பூனை பட்டினி கிடப்பதாகவே தோன்றியது.

ஐந்தாம் படி: வாங்கும் பக்கற்றின் அளவும் நிலையும்

திறந்த உலர் உணவை 6 கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். நாளுக்கு 50 கிராம் தின்னும் ஒரு பூனை 42 நாட்களில் தின்பது ஏறத்தாழ 2 கிலோ மட்டுமே. அதே பூனைக்கு 7 கிலோ மூடை 140 நாட்களுக்கு வரும். வன்னியில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுகிறது, மாரியில் காற்றில் ஈரம் ஏறிவிடுகிறது. மணிகளின் மேற்பூச்சாக உள்ள கொழுப்பு வெயிலில் காறலெடுக்கும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். ஒற்றைப் பூனையுள்ள வீட்டுக்கு 1 கிலோ அல்லது 1.2 கிலோப் பக்கற்றே ஏற்றது. மூன்று நான்கு பூனைகள் இருந்தால் பெரிய மூடையை எண்ணிப் பார்க்கலாம்.

மூடையை வெட்டி வைத்து, கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் கடைகளில் வாங்குவதை முற்றாகத் தவிர்க்குமாறு சொல்வேன். ஒருமுறை அவசரத்துக்கு அப்படி வாங்கினேன். பொலித்தீன் பையை வீட்டில் அவிழ்த்தபோது பழைய நல்லெண்ணெய்ப் போத்தலின் வாடை அடித்தது. பூனை முகர்ந்துவிட்டு, மண்ணைப் பறித்து மூடுவதுபோலத் தரையைச் சுரண்டிவிட்டுப் போய்விட்டது. திகதியில்லாத பொருளுக்கு யாரிடமும் முறையிட வழியுமில்லை. மூடிய பக்கற்றிலும் காலாவதித் திகதியைப் பார்ப்பதோடு, கடைக் கண்ணாடிக்குள் வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்களா என்பதையும் பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பக்கற்றிலிருந்து கொட்டாமல், பக்கற்றோடேயே இறுக்கமான மூடியுள்ள வாளிக்குள் வைக்க வேண்டும். கொட்டினால் வாளியின் சுவரில் எண்ணெய் படிந்து அடுத்த உணவையும் கெடுக்கும். திகதியும் தொகுதி இலக்கமும் பக்கற்றோடு போய்விடும். திறந்த நாளைப் பையின் மேல் எழுதிவிடுங்கள். அடுப்படிச் சூடு படாத அறையில், நிலத்திலிருந்து உயர்த்தி வைப்பது நல்லது.

ஆறாம் படி: எலியில் இருந்த நீரை ஈடுசெய்தல்

பக்கற்றால் எவ்வகையிலும் தர முடியாதது நீர். எலியின் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். உலர் உணவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. 3 கிலோப் பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் நீர் தேவை. 50 கிராம் மணியிலிருந்து அதற்குக் கிடைப்பது 5 மில்லிலீற்றர். மீதியைக் குடித்தேயாக வேண்டும். ஆனால் பூனை தாகத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்கும் பிராணி. குடிக்காமலே இருந்துவிடும், சிறுநீர் செறிந்துவிடும். குறிப்பாகக் கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர் வழி ஒடுங்கியது என்பதால் மணற்படிவும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடக்கூடும். கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்குவதையும் துளித் துளியாகப் போவதையும் அல்லது ஒன்றும் போகாமல் கத்துவதையும் மலச்சிக்கல் என்று நினைத்து நல்லெண்ணெய் பருக்கிக்கொண்டிருக்கக் கூடாது. அது ஓரிரு நாட்களில் உயிரைக் கொண்டுபோகும் நிலை. அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதைத் தடுக்க நீங்கள் குடிக்கும் தண்ணீரையே பூனைக்கும் வையுங்கள். கிணறு உவராக இருக்கும் இடங்களில் பூனையும் அதை விரும்பாது. வாயகன்ற மண்சட்டியில், உணவுத் தட்டிலிருந்து விலக்கி, நிழலில், இரண்டு மூன்று இடங்களில் வைத்து, காலையும் மாலையும் மாற்ற வேண்டும். உலர் உணவை மட்டுமே கொடுக்காமல், உப்பும் புளியும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்து முள் நீக்கிய மீனை அவித்த நீரோடு ஒரு நேரம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்படிக் கொடுக்கும் நாளில் மணியின் அளவைக் குறைத்துக்கொள்கிறோம். மீன் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் முழு உணவின் சமநிலை குலையாது. மணியை நீரில் ஊறவைத்தும் கொடுக்கலாம். அவ்வாறு ஊறியதை நம் வெப்பத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

தட்டை வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். முற்றத்தில் வைத்தால் கோழியும் காகமும் குரங்கும் பங்கு கேட்கும். எறும்புக்கு, அகன்ற தட்டில் சிறிது நீர் விட்டு அதன் நடுவில் உணவுக் கிண்ணத்தை வைக்கும் பழைய முறையே போதும்.

ஏழாம் படி: பழைய உணவிலிருந்து புதியதற்கு மாறுதல்

சோறு தின்று பழகிய பூனைக்கு முன்னால் ஒரேநாளில் மணியைக் கொட்டினால் வயிற்றோட்டம் வரும், அல்லது அது தின்னவே மறுக்கும். முதல் இரண்டு நாட்கள் நாலில் ஒரு பங்கு புதியது, அடுத்த இரண்டு நாட்கள் பாதிக்குப் பாதி, பின்னர் நாலில் மூன்று பங்கு என்று 7 முதல் 10 நாட்களுக்குள் மாற்றுங்கள். “பசித்தால் தின்னும்” என்று பட்டினி போடுவது நாய்க்கு ஒத்துவரலாம், பூனைக்கு ஆபத்து. இரண்டு மூன்று நாட்கள் ஒன்றுமே தின்னாத பூனையின் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும், கொழுத்த பூனைக்கு இது இன்னும் விரைவாக நிகழும். ஒரு நாள் முழுவதும் தின்னவில்லையென்றால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். பழைய உணவையும் தொடவில்லையென்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாலு கிழமைக் குட்டிக்கு மணியை இளஞ்சூட்டு நீரில் கரைத்துக் கூழாகத் தொடங்கி, எட்டாம் கிழமைக்குள் கெட்டியான உணவுக்குக் கொண்டுவரலாம்.

காட்டுப் பூனை ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் சிறிது சிறிதாக இரை கொள்வது. ஆகையால் நாளின் அளவை மூன்று நாலு வேளையாகப் பிரித்து வைப்பதே அதன் இயல்புக்கு ஒத்தது. வயது முதிர்ந்து சிறுநீரக நோய் கண்ட பூனைக்கும், ஒருமுறை சிறுநீர் அடைப்பு வந்த பூனைக்கும் தனி உணவுகள் உள்ளன. அவற்றை வைத்தியர் சொல்லாமல் வாங்கவும் கூடாது, சொன்ன பின்னர் நிறுத்தவும் கூடாது.

புதிய உணவு தொடங்கிய நாளில் பூனையின் நிறையைக் கலண்டரில் குறித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து மீண்டும் நிறுங்கள். விலாவை மெதுவாகத் தடவும்போது எலும்புகள் விரலில் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. கூடியிருந்தால் நாளின் அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, மெலிந்திருந்தால் அதே அளவைக் கூட்டி, பேணியிலுள்ள கோட்டை அழித்துப் புதிதாகக் கீறிவிடுங்கள்.